உளுத்த கப்பலை மேடை ஏற்றியவர்

ஹாலந்து, கடலோடு மல்லுக்கு நின்று வாழும் தேசம். அதன் நிலத்தில் நாலில் ஒரு பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. கரை எழுப்பிக் கடலைத் தடுத்து, தண்ணீரை இறைத்து வெளியேற்றி, அந்த நிலத்தில் பயிர் செய்து, பால் மாடு வளர்த்து, ஊர் கட்டி வாழ்கிறார்கள் அந்த மக்கள். கடல் அவர்களுக்குச் சோறு போடும் தாய். சமயம் பார்த்து விழுங்கும் சத்துருவும் அதுவே.

அப்படிப்பட்ட நாட்டில், மீன் பிடிக்கப் போனவன் வீடு திரும்பாமற் போவது சென்ற நூற்றாண்டுகளில் அதிசயமான செய்தியாக இருந்ததில்லை. புயல் வந்தது, போய்விட்டான், ஆண்டவன் சித்தம் என்று கிழவிகள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஆனால் அவன் ஏறிப் போன கப்பலின் பலகை உளுத்துப்போனது என்று கப்பல் முதலாளிக்கு முன்பே தெரிந்திருந்தால்? கப்பல் மூழ்கினால் முதலாளிக்கு இன்ஷுரன்ஸ் பணம் கைக்கு வரும் என்றிருந்தால்? அப்போதும் அது ஆண்டவன் சித்தந்தானா?

இந்தக் கேள்வியை ஒரு நாடகமாக எழுதி, தேசம் முழுவதும் கேட்கும்படி மேடையில் வைத்தவர் ஹெர்மன் ஹெயர்மான்ஸ். நாடகாசிரியர், டைரக்டர், நாடகக் கம்பெனியின் தலைவர், பத்திரிகைக் கட்டுரையாளர் என்று பல வேஷங்கள் அவருக்கு உண்டு. ஐரோப்பாவின் பெரிய நகரங்களிலெல்லாம் அவருடைய நாடகம் நடந்தது. ஆனால் தம் கடைசி இரண்டு வருஷங்களை அவர் பட்ட கடனை அடைப்பதற்காகவே பேனாவும் கையுமாகக் கழித்தார்.

கந்தல் வியாபாரி

ஹெயர்மான்ஸ் பிறந்தது 1864-ம் வருஷம் டிசம்பர் 3-ந் தேதி, ராட்டர்டாம் துறைமுகப் பட்டணத்தில். யூதக் குடும்பம். தகப்பனார் பத்திரிகையாளர். வீட்டில் குழந்தைகள் 11 பேர். ஆண் பிள்ளைகளில் ஹெர்மன்தான் மூத்தவர். அறிவும் உழைப்பும் அந்தக் குடும்பத்தின் சொத்து. சகோதரிகளில் ஒருவரான ஐடா பிற்காலத்தில் கல்வித் துறையில் பெயர் பெற்றார். மற்றொருவரான மரீ சித்திரக்காரியாக விளங்கினார். தம்பி லூயி டாக்டராகி, ஆம்ஸ்டர்டாம் நகரத்தின் சுகாதாரப் பணியில் உயர்ந்த நிலைக்கு வந்தார்.

தகப்பனாருக்குப் பத்திரிகைத் தொழிலின் கஷ்டம் தெரியும். அந்தத் தொழிலில் மகனும் வந்து விழ வேண்டாம் என்று அவர் எண்ணியதில் ஆச்சரியமில்லை. ஆகவே பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஹெர்மன் வியாபாரத்துறைக்கு அனுப்பப்பட்டார். கொஞ்ச காலம் உத்தியோகம். பிறகு சொந்தத் தொழில். அவர் எடுத்துக்கொண்ட தொழில் கந்தல் துணி வியாபாரம்! கிழிந்த துணியை மொத்தமாக வாங்கி விற்பது அந்தக் காலத்தில் நல்ல லாபமுள்ள தொழில்தான். ஆனால் லாபம் பார்ப்பதற்கு வேறு விதமான மனிதர் வேண்டும். கணக்குப் புத்தகத்தில் கண் நிற்காமல் கதையிலும் கவிதையிலும் மனம் ஓடிக்கொண்டிருந்த இளைஞரிடம் அந்த வியாபாரம் நிலைக்கவில்லை. கடை திவாலாயிற்று.

கையில் பணமில்லை, ஊரில் மதிப்பில்லை. 30 வயதைக்கூட எட்டாதவருக்கு இது சாமான்யமான அடி அல்ல. ஆனால் கடன்காரர்களின் முகமும், பணம் உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் ஊர் தரும் மரியாதையில் உள்ள வித்தியாசமும் அவர் மனத்தில் ஆழமாகப் பதிந்தன. பின்னாளில் அவர் எழுதிய கடைக்காரர்களும் கணக்கப்பிள்ளைகளும் வட்டிக்காரர்களும் இரத்தமும் சதையுமாக உலவியதற்கு இந்த அனுபவமே முதல். இழந்த பணத்துக்கு அவர் வாங்கி வந்த சரக்கு அதுதான்.

ருஷ்யப் பெயரில் ஒரு விளையாட்டு

1890-களின் தொடக்கத்தில் ஹெயர்மான்ஸ் ஆம்ஸ்டர்டாம் வந்து சேர்ந்தார். 1893-ம் வருஷம் 'டெலிகிராஃப்' என்ற தினசரி அங்கே புதிதாகத் தொடங்கப்பட்டது. அதில் நாடக விமர்சனம் எழுதும் வேலை அவருக்குக் கிடைத்தது. பிறர் நாடகத்தைக் குறை சொல்லும் விமர்சகர் தாமே ஒரு நாடகம் எழுதிப் பார்ப்பது இயற்கை. 'டோரா கிரேமர்' என்ற அவருடைய முதல் நாடகம் அதே வருஷம் மேடைக்கு வந்தது. வந்த வேகத்திலேயே படுத்துவிட்டது. மற்றப் பத்திரிகைகளின் விமர்சகர்கள் தயவு காட்டவில்லை.

ஹெயர்மான்ஸ் ஒரு தந்திரம் செய்தார். தங்கள் தேசத்து ஆசிரியன் எழுதியது என்றால் இளக்காரம், அன்னிய தேசத்துச் சரக்கு என்றால் தலையில் வைத்துக் கூத்தாட்டம் என்பது அந்த விமர்சகர்களின் போக்கு என்று அவர் சந்தேகித்தார். அதைச் சோதித்துப் பார்க்க எண்ணினார். ருஷ்யாவில் யூதர்களைக் குடி கெடுத்த கொடுமைகளை வைத்து 'அகாஸ்வேருஸ்' என்ற சிறு நாடகத்தை எழுதினார். எழுதியவர் இவான் யெலகோவிச் என்ற ருஷ்யர் என்று அறிவிக்கப்பட்டது. அப்படி ஒரு மனிதர் உலகத்தில் எங்குமே கிடையாது!

நாடகம் நடந்தது. விமர்சகர்கள் புகழ்ந்து தள்ளினார்கள். பிறகு உண்மை வெளிப்பட்டது, புகழ்ந்தவர்கள் விழித்தார்கள். பாரிஸில் ஆந்த்ரே ஆந்த்வான் நடத்திவந்த சுதந்திர நாடக மன்றம் புதுமை நாடகங்களுக்குப் பேர்போன இடம். அந்த மன்றத்தின் மேடையிலும் 'அகாஸ்வேருஸ்' ஏறியது. முதல் நாடகத்தில் தோற்றவர் அதே வருஷத்தில் கவனத்துக்குரிய ஆசிரியராகிவிட்டார்.

புனைபெயர் வைத்துக்கொள்ளும் பழக்கம் அதன்பின் அவரை விடவில்லை. 'கூஸ் ஹபெமா' என்ற பெயரில் ஒரு நாவல் வந்தது. 'ஸாமுவேல் பால்க்லண்ட்' என்ற பெயரில் 1894 முதல் பத்திரிகையில் சிறு சித்திரங்கள் எழுதத் தொடங்கினார். தெருவில் கண்ட காட்சி, ஒண்டுக் குடித்தன வீட்டுச் சண்டை, கடைக்காரனின் கவலை, சாவு வீட்டில் நடக்கும் சிரிப்பு என்று எதையும் விட்டுவைக்கவில்லை. முதலில் 'டெலிகிராஃப்' பத்திரிகையிலும் பிறகு 'ஹண்டல்ஸ்பிளாட்' பத்திரிகையிலும் அவை தொடர்ந்து வெளிவந்தன. பின்னர் புத்தகங்களாகத் தொகுக்கப்பட்டபோது 18 தொகுதிகள் ஆயின. நாடகம் பார்த்திராத வீடுகளிலும் பால்க்லண்ட் தெரிந்த பெயராக இருந்தது.

யூதர் பேட்டை

1897-ம் வருஷம் ஹெயர்மான்ஸ் சோஷலிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். அதே வருஷம் 'இளம் வழிகாட்டி' என்று பொருள்படும் ஒரு மாதப் பத்திரிகையையும் தொடங்கினார். எழுத்து அழகுக்காக மட்டுமல்ல, சமூகத்தின் புண்ணைத் திறந்து காட்டவும் வேண்டும் என்பது அவருடைய கட்சி.

அடுத்த வருஷம் 'கெட்டோ' என்ற நாடகம் வந்தது. ஆம்ஸ்டர்டாமின் யூதர் பேட்டை அதன் களம். பழந்துணி விற்கும் கண் தெரியாத கிழவர். பழைய கட்டுப்பாடுகளை வெறுக்கும் மகன். அந்த வீட்டில் வேலை செய்யும் கிறிஸ்தவப் பெண். இளைஞன் அந்தப் பெண்ணைக் காதலிக்கிறான். அவன் அவளைக் கைவிட்டுவிட்டான் என்று பொய் சொல்லி அவளை நம்பவைக்கிறார்கள். அவள் தண்ணீரில் விழுந்து உயிரை விடுகிறாள்.

யூத சமூகத்தில் பலருக்கு இந்த நாடகம் பிடிக்கவில்லை. சொந்த வீட்டு அழுக்கைச் சந்தியில் போட்டுக் காட்டுகிறாரே என்று கோபித்தார்கள். ஆனால் ஹெயர்மான்ஸ் ஒரு சாராரை மட்டும் குறி வைத்தவர் அல்ல. 1901-ல் பட்டாளத்து முறையைத் தாக்கி ஒரு நாடகம் எழுதினார். 1904-ல் வந்த நாடகத்தில், கல்யாணமாகாத ஒரு பெண்ணைப் பிரசவ வேளையில் வீட்டில் சேர்த்து ஆதரித்த பாதிரியாரை அவருடைய திருச்சபையே தண்டிப்பதைக் காட்டினார். எந்தப் பீடமாக இருந்தாலும், ஏழையை மிதித்தால் அதன் கால் அவர் பேனாவுக்குத் தப்பாது.

கடற்கரையில் கற்ற பாடம்

இந்தக் காலத்தில் ஹெயர்மான்ஸ் நகரத்தை விட்டு வட கடலோரத்து மீனவர் ஊர்களில் போய்த் தங்கினார். அங்கே அவர் வேடிக்கை பார்க்க வந்த விருந்தாளியாக இருக்கவில்லை. அந்த ஜனங்களின் பேச்சைக் கேட்டார். அவர்கள் வயிறு நிரம்புவதையும் காய்வதையும் கண்டார். கப்பல் ஒருவனுக்குச் சொந்தம். உயிர் வேறொருவனுக்குச் சொந்தம். கப்பலுக்கு இன்ஷுரன்ஸ் உண்டு, உயிருக்குக் கிடையாது. முதலாளியிடம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு கப்பலில் ஏற மறுக்க முடியாது. மறுத்தால் போலீஸ் வந்து இழுத்துப் போகும்.

இவற்றையெல்லாம் வைத்து நாலு அங்கத்தில் ஒரு நாடகம் எழுதினார். 'ஆண்டவன் அருளை நம்பி' என்பது அதன் பெயர். நாடகத்தில் வரும் கப்பலின் பெயரும் அதுவே.

க்னீர்ச்சே என்ற மீனவ விதவை. புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் கடலுக்குக் கொடுத்தவள். மிஞ்சியிருக்கும் பிள்ளைகள் இருவர். மூத்தவன் கேர்ட், கடற்படையில் மேலதிகாரியோடு மோதி, சிறையிருந்து அப்போதுதான் வெளிவந்தவன். இளையவன் பாரென்ட், கடல் என்றாலே நடுங்குகிறவன். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே! பாஸ் என்ற முதலாளியின் கப்பலில் இருவரும் போக ஏற்பாடாகிறது. கப்பலின் அடிப்பலகை உளுத்துவிட்டது என்று பழுது பார்க்கும் தச்சன் சிமோன் எச்சரிக்கிறான். முதலாளியின் மகளும் அதைக் கேட்டிருக்கிறாள். ஆனாலும் கப்பல் புறப்படுகிறது.

பாரென்ட் கதவு நிலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு போகமாட்டேன் என்று கதறுகிறான். போலீஸார் பிடித்து இழுக்கிறார்கள். ஊர் என்ன சொல்லுமோ என்று அஞ்சும் தாய், மகனின் தைரியத்துக்காகத் தகப்பன் அணிந்திருந்த காதணிகளை அவனுக்குக் கொடுத்து அனுப்புகிறாள்.

மூன்றாவது அங்கம் புயல் இரவு. மேடையில் கப்பல் இல்லை, கடல் இல்லை. ஒரு குடிசைக்குள் பெண்கள் கூடியிருக்கிறார்கள். வெளியே காற்று ஊளையிடுகிறது. ஒவ்வொருத்தியும் தான் கடலுக்குப் பறி கொடுத்தவர்களைப் பற்றிச் சொல்கிறாள். அவ்வளவுதான் அந்த அங்கம். ஆனால் ஹாலந்து நாடக மேடையில் அதைவிட அதிகமாக ஜனங்களை அழவைத்த காட்சி அபூர்வம்.

கடைசி அங்கம் முதலாளியின் ஆபீஸில் நடக்கிறது. கப்பல் போய்விட்டது. பாரென்டின் சடலம் கரை ஒதுங்குகிறது. காதணிகளைக் கொண்டே அடையாளம் கண்டுபிடிக்கிறார்கள். கேர்டை மணக்க இருந்த யோ கர்ப்பிணியாக நிற்கிறாள். முதலாளி, விதவைகளுக்காக நிதி திரட்ட வேண்டுகோள் தயாரிக்கிறார். இரண்டு பிள்ளைகளையும் இழந்த க்னீர்ச்சேக்குக் கிடைப்பது அந்த ஆபீஸைக் கழுவித் துடைக்கும் வேலையும், முதலாளி வீட்டு அம்மாள் தரும் ஒரு பாத்திரம் மிச்ச உணவும்.

நாடகத்தில் யாரும் வில்லனைப் போல் மீசையை முறுக்கவில்லை. முதலாளி பாஸ் தன் வியாபாரத்தைப் பார்க்கிறான்; அவ்வளவுதான். தாய் தன் கையாலேயே பிள்ளையை அனுப்புகிறாள். வறுமை எப்படி ஒரு நல்லவளைக் கூட அந்தக் காரியத்தைச் செய்யவைக்கிறது என்பதில்தான் நாடகத்தின் கூர் இருக்கிறது.

ஒரே வேஷம், 1,200 தடவை

1900-ம் வருஷம் டிசம்பர் 24-ந் தேதி இரவு, ஆம்ஸ்டர்டாமில் 'ஹாலந்து நாடக அரங்கு' என்று பெயர் கொண்ட கொட்டகையில் இந்த நாடகம் முதன்முதலாக அரங்கேறியது. க்னீர்ச்சேயாக நடித்தவர் எஸ்தர் டி போயர் வான் ரைக் என்ற நடிகை. அவரும் ராட்டர்டாமில் பிறந்த யூதப் பெண்மணி. அப்போது அவருக்கு வயது 47.

அந்த வேஷம் அவரோடு ஒட்டிக்கொண்டது. பல்லாண்டுகளில் ஏறக்குறைய 1,200 தடவை அவர் க்னீர்ச்சேயாக மேடை ஏறினார். நாடகம் சினிமாவாக எடுக்கப்பட்ட போதும் அவரையே அழைத்தார்கள். 1934-ம் வருஷத்துப் பேசும் படத்தில் நடித்தபோது அவருக்கு வயது 80-ஐக் கடந்திருந்தது. தெருவில் அவரைக் கண்டால் ஜனங்கள் நடிகையின் பெயரைச் சொல்லாமல் க்னீர்ச்சே என்றே நினைத்தார்கள்.

சட்டம் வந்தது

நாடகம் ஊர் ஊராகப் போயிற்று. உளுத்த கப்பல் என்ற பேச்சு நாடகக் கொட்டகையோடு நிற்கவில்லை. முதலாளிகள் ஆத்திரப்பட்டார்கள், நாடகாசிரியர் மிகைப்படுத்திவிட்டார் என்றார்கள். மாலுமிகளும் தொழிலாளர் சங்கத்தாரும் அது உள்ளபடியான சங்கதி என்றார்கள். பத்திரிகைகளில் வாதம் நடந்தது.

1909-ம் வருஷம் ஹாலந்து பார்லிமெண்ட் கப்பல் சட்டத்தை நிறைவேற்றியது. கப்பல் கடலுக்குப் போகத் தகுதியானதா என்று சர்க்கார் அதிகாரிகள் பரிசோதிப்பதற்கும், விபத்து நேர்ந்தால் காரணத்தை விசாரிப்பதற்கென்று ஒரு சபை அமைவதற்கும் அந்தச் சட்டம் வழி செய்தது.

ஒரு நாடகம் மட்டும் தனியாக நின்று சட்டம் கொண்டுவந்தது என்று சொன்னால் அது மிகையாகும். தொழிலாளர் இயக்கம் இருந்தது; விபத்துக்கள் இருந்தன; பார்லிமெண்டில் பாடுபட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் கடலைக் கண்ணால் காணாத நகரத்துக் கனவானும் அவர் மனைவியும் அந்தச் சட்டம் எதற்கு என்று கேட்கவேண்டியிருக்கவில்லை. அவர்கள் பாரென்டைப் பார்த்திருந்தார்கள். கதவு நிலையைப் பிடித்த அவன் விரல்களைப் பார்த்திருந்தார்கள். ஆகவே, அந்தச் சட்டத்தையும் அந்த நாடகத்தையும் சேர்த்தே பேசுவது ஹாலந்தில் வழக்கமாகிவிட்டது.

புகழ் உண்டு, பணம் இல்லை

நாடகம் எல்லை தாண்டிச் சென்றது. 1903-ம் வருஷம் லண்டனில் ஸ்டேஜ் சொசைட்டி அதை மேடை ஏற்றியது. இங்கிலாந்தின் மகா நடிகையான எல்லன் டெர்ரி கிழவி வேஷம் கட்டினார். 1913-ல் மாஸ்கோ கலை நாடக மன்றத்தின் முதல் ஸ்டூடியோ தன் முதல் நாடகமாக இதைத்தான் தேர்ந்தெடுத்தது. ஸ்டானிஸ்லாவ்ஸ்கியின் புதிய நடிப்பு முறையைப் பயிற்சி செய்து பார்ப்பதற்காக ஏற்பட்ட ஸ்டூடியோ அது. ரிச்சர்ட் போலெஸ்லாவ்ஸ்கி டைரக்ட் செய்தார். பின்னர் உலகப் புகழ் பெற்ற மிகயீல் செக்காவ் அதில் நடித்தார். 1927-ல் நியூயார்க்கிலும் ஈவா லெ கல்லியன் அம்மையாரின் நாடகக் கம்பெனி அதை நடத்தியது.

இவ்வளவு தூரம் பரவிய நாடகத்தின் ஆசிரியர் செல்வத்தில் புரண்டிருக்க வேண்டுமல்லவா? நடந்தது வேறு. ஆசிரியரின் பதிப்புரிமையை நாடுகள் பரஸ்பரம் காப்பாற்றுவதற்காக 1886-ல் பெர்ன் நகரத்தில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. ஹாலந்து அதில் பல வருஷங்கள் சேரவில்லை. ஆகவே ஹாலந்து ஆசிரியரின் நாடகத்தை வெளிநாட்டுக் கம்பெனிகள் தம் இஷ்டம் போல் மொழிபெயர்த்து நடத்தலாம். அவருக்குச் சல்லிக் காசு கொடுக்கவேண்டிய கட்டாயமில்லை. கொட்டகை நிரம்பியது, ஆசிரியரின் பை நிரம்பவில்லை. மீனவனின் உழைப்பை முதலாளி தின்பதைப் பற்றி எழுதியவரின் உழைப்பும் இப்படியே போயிற்று.

1907-ம் வருஷம் ஹெயர்மான்ஸ் பெர்லினுக்குக் குடிபெயர்ந்தார். ஜெர்மனி அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடு. நாடகங்களை முதலில் அங்கே பிரசுரித்தால் அவற்றுக்குச் சட்டத்தின் பாதுகாப்புக் கிடைக்கும். பெர்லின் பத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டு, ஐந்து வருஷம் அங்கே வாழ்ந்தார். பெரிய ஜவுளி ஸ்டோர் வந்ததால் நொடித்துப்போகும் சில்லறைக் கடைக்காரன் ஒருவனைப் பற்றி 1908-ல் ஒரு நாடகம் எழுதினார். அதே வருஷம் நவம்பர் மாதம் ஜெர்மனியில் ஹாம் என்ற ஊருக்கருகே ராட்போட் நிலக்கரிச் சுரங்கத்தில் வெடி விபத்து நேர்ந்து, ஏறக்குறைய 350 தொழிலாளர் மடிந்தார்கள். அந்தக் கோரத்திலிருந்து பிறந்தது 1911-ல் வந்த சுரங்க நாடகம். கடலடியிலிருந்து பூமியின் அடிக்கு அவர் கதை இறங்கியது; நியாயம் ஒன்றுதான்.

கம்பெனித் தலைவர்

1912-ம் வருஷம் ஹாலந்தும் பெர்ன் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அதே வருஷம் ஹெயர்மான்ஸ் ஆம்ஸ்டர்டாமுக்குத் திரும்பினார். வந்தவர் எழுதிக்கொண்டு சும்மா இருக்கவில்லை. சொந்தத்தில் ஒரு நாடகக் கம்பெனி அமைத்து, அதன் டைரக்டர் ஆனார். 

அப்போது ஹாலந்து நாடக உலகில் புதுக் காற்று வீசிக்கொண்டிருந்தது. வில்லெம் ரோயார்ட்ஸ், எடுவார்ட் வெர்காடே ஆகிய இரு டைரக்டர்கள் 1908-ல் தனித்தனியே கம்பெனி தொடங்கியிருந்தார்கள். ஒளியும் வர்ணமும் அழகிய திரையுமாக மேடையைச் சித்திரம் போல் அமைப்பதில் அவர்கள் நாட்டம் சென்றது. ஹெயர்மான்ஸின் வழி வேறு. அவருடைய மேடையில் சமையலறை என்றால் சமையலறை. மீனவச்சி மீனவச்சியின் கொச்சையிலேயே பேச வேண்டும். சின்ன வேஷக்காரனும் தான் யார், எங்கிருந்து வருகிறான் என்பது தெரிந்துதான் மேடையில் கால் வைக்க வேண்டும்.

எழுதுகிறவனுக்கு மை இருந்தால் போதும். கம்பெனி நடத்துகிறவனுக்கு ஒவ்வொரு வாரமும் சம்பளப் பணம் வேண்டும். கொட்டகை வாடகை, திரை, உடை, விளக்கு, ரயில் சத்தம், விளம்பரம் என்று செலவு வாயைப் பிளந்துகொண்டே இருக்கும். மழை பெய்தால் கூட்டம் குறையும். புது நாடகம் தோற்றால் ஒரு மாத வருமானம் போகும். 1914-ல் முதல் உலக யுத்தம் மூண்டது. ஹாலந்து யுத்தத்தில் சேரவில்லை என்றாலும் கஷ்ட காலம் எல்லோரையும் போல் நாடகக்காரர்களையும் தொட்டது.

ஆனாலும் பத்து வருஷம் அந்தக் கம்பெனியை அவர் இழுத்துப் பிடித்து நடத்தினார். 1917-ல் 'ஈவா பொனேர்' என்ற நாடகம் அவருக்கு நல்ல பெயர் தந்தது. பூனையை முக்கிய பாத்திரமாக வைத்து மனிதர்களைக் கேலி செய்யும் நாடகம் ஒன்றையும் எழுதினார். கைப்பணம் தீர்ந்த சமயங்களில் பழைய க்னீர்ச்சேதான் கைகொடுத்தாள். எத்தனை தடவை பார்த்தவர்களும் அந்தப் புயல் இரவைப் பார்க்க மீண்டும் டிக்கெட் வாங்கினார்கள்.

இரண்டாவது திவால்

1922-ம் வருஷம் கம்பெனி மூழ்கியது. இளமையில் கந்தல் வியாபாரத்தில் பட்ட அதே அடி, 57 வயதில் மறுபடியும் விழுந்தது. இந்தத் தடவை தலைமேல் ஏறிய கடன் பெரியது. நடிகர்களை வைத்துச் சம்பாதித்து மாளிகை கட்டியவர் அல்ல அவர். வந்ததையெல்லாம் மேடைக்கே போட்டவர்.

கை விரித்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம். ஹெயர்மான்ஸ் அப்படிச் செய்யவில்லை. அவருக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். அதைக் கொண்டே கடனைத் தீர்க்க முனைந்தார். நாவல் எழுத உட்கார்ந்தார். 'கனவு ராஜா' என்று பொருள்படும் ஒரு நாவல் 1924-ல் வெளிவந்தது. நெருப்புப் பட்டாம்பூச்சியைப் பெயராகக் கொண்ட மற்றொரு நாவலையும் எழுதினார். கடனுக்காக எழுதியவை என்று சொல்லாவிட்டால் படிப்பவருக்குத் தெரியாது. ஏழைக் குழந்தைகளின் மனத்தில் புகுந்து, அவர்கள் கண்ணாலேயே உலகைப் பார்த்து எழுதிய கதைகள் அவை. ஜனங்கள் விரும்பி வாங்கிப் படித்தார்கள்.

ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. புற்று நோய் பற்றிக்கொண்டது. நோயோடும் எழுதினார். 1924-ம் வருஷம் நவம்பர் 22-ந் தேதி, சாண்ட்வோர்ட் என்ற கடற்கரை ஊரில் ஹெர்மன் ஹெயர்மான்ஸ் காலமானார். 60 வயது நிறைவதற்கு இன்னும் 11 நாட்களே இருந்தன. நெருப்புப் பட்டாம்பூச்சி நாவல் அடுத்த வருஷம், அவர் கண் மூடிய பிறகு, புத்தகமாக வெளிவந்தது.

ஆம்ஸ்டர்டாமில் அவருடைய இறுதி ஊர்வலத்தைக் காண ஜனங்கள் திரண்டு வந்து தெருவோரங்களில் நின்றார்கள். ஸோர்க்வ்லீட் என்ற இடுகாட்டில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

கொட்டகையின் கதி

அதன்பின் நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். எஸ்தர் அம்மையார் 1937-ல் மறைந்தார். 1940-ல் ஹிட்லரின் படைகள் ஹாலந்தைப் பிடித்தன. ஹெயர்மான்ஸ் யூதர் என்பதற்காக அவருடைய நாடகங்களுக்கு மேடையில் இடமில்லாமற் போயிற்று. மீனவ விதவையை முதன்முதலாக ஆம்ஸ்டர்டாம் பார்த்த அந்த ஹாலந்து நாடக அரங்கை, யூத நடிகர்கள் யூதர்களுக்காக மட்டுமே நடிக்கலாம் என்று 1941-ல் ஒதுக்கினார்கள்.

1942-ம் வருஷம் அங்கே நாடகமே நின்றது. பிடித்து வந்த யூதக் குடும்பங்களை அடைத்து வைக்கும் பட்டியாக அந்தக் கொட்டகை மாறியது. சுமார் 46,000 பேர் அங்கிருந்து ரயிலேற்றி அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் விஷவாயு அறைகளிலும் அடிமை முகாம்களிலும் மாண்டார்கள். யுத்தத்துக்குப் பின் அதை மறுபடியும் கேளிக்கை அரங்காக்க மனம் வரவில்லை. அது நினைவிடமாயிற்று. 2024-ல் திறக்கப்பட்ட தேசிய மியூசியத்தின் ஒரு பகுதியாக அந்த இடம் இன்று இருக்கிறது.

ஹெயர்மான்ஸின் நாடகங்கள் ஹிட்லரோடு அழியவில்லை. யுத்தம் முடிந்ததும் க்னீர்ச்சே மீண்டும் மேடைக்கு வந்தாள். 1986-ம் வருஷத்திலும் அந்தக் கதை மறுபடி சினிமாவாக எடுக்கப்பட்டது. அவர் எழுதிய பல நாடகங்கள் இன்று புத்தக அலமாரியில் தூங்குகின்றன. காலத்தோடு வந்து காலத்தோடு போனவை அவை. இந்த ஒன்று மட்டும் போகவில்லை.

அதற்குக் காரணம் தேடி வெகு தூரம் போகவேண்டாம். மரக் கப்பலின் காலம் மலையேறிவிட்டது; ஆனால் பழுது என்று தெரிந்தும் பலகையைப் பூசி மெழுகி ஆளை ஏற்றி அனுப்பும் வழக்கம் உலகத்தை விட்டுப் போகவில்லை. சுரங்கம், ஆலை, பட்டாசுக் கிடங்கு என்று அதன் பெயர்தான் மாறியிருக்கிறது. எச்சரித்த தச்சன் அங்கேயும் ஒருவன் இருப்பான். அவன் பேச்சைக் கேட்டும் கேட்காதது போல் இருந்தவர்களும் இருப்பார்கள். வாழ்க்கையில் இரண்டு தடவை திவாலான ஹெயர்மான்ஸ், அந்தத் தச்சனின் சொல்லை ஒரு தேசமே கேட்கும்படி செய்துவிட்டுப் போனார். அந்தக் கணக்கில் மட்டும் அவருக்குப் பாக்கி எதுவும் இல்லை.